எங்கள் வேலி ஏன் பூக்கவில்லை?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், கினிகத்தேனை டவுனில் விவசாய மருந்து விற்கும் கடைக்குப் போனேன். கையில் ஒரு ஷொப்பிங் பேக். அதற்குள் எங்கள் வீட்டு வேலியில் ஒடித்த நாலு செம்பருத்திக் கிளைகள்.

கடைக்கார நானா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளையாகத் திருப்பிப் பார்த்தார். டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் கொடுத்துவிட்டு நிற்பவன் போல நான் நின்றேன்.

"எத்தனை நாளா பூக்கல்ல சேர்?"

"ரெண்டு மாசமாச்சு நானா. வருஷம் பூரா பூத்த வேலி. இப்ப ஒரு மொட்டுகூட இல்ல."

"உரம் போட்டீங்களா?"

"போட்டாச்சு. நீங்க குடுத்த மருந்தும் அடிச்சாச்சு."

நானா கிளையின் நுனியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பூச்சி கடிச்சா ஓட்டை விழும். நத்தை தின்னா இலையில கோடு இருக்கும். இது ரெண்டும் இல்ல. இது வெரலால கிள்ளினது சேர். பாருங்க, எல்லாம் ஒரே அளவு. தொழில் தெரிஞ்ச கை!"

மருந்து தரவில்லை. சிரித்தபடி அனுப்பிவிட்டார்.

யார் கிள்ளுவது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளா? குரங்கா? குரங்கு எந்தக் காலத்தில் அளவு பார்த்துக் கிள்ளியது?

என் மனைவி சாந்திக்கு அந்த வேலி என்றால் உயிர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மணப்பெண்ணின் சேலையைப் பார்க்கமாட்டாள்... அந்த வீட்டு வாசலில் என்ன செடி என்றுதான் பார்ப்பாள். வெட்கமில்லாமல் ஒரு கிளை கேட்டு வாங்கிக்கொள்வாள். அப்படிக் கேட்டுக் கேட்டு நட்டதுதான் எங்கள் வேலி. சிவப்பு, மஞ்சள், ரோஸ், அடுக்குச் செம்பருத்தி — எல்லாம் கலந்து இடுப்பளவு உயரத்தில் ரோட்டோரம் நீளமாக நிற்கும். காலையில் முதல் பூ சாமிப் படத்துக்குப் போகும். மற்றதெல்லாம் செடியிலேயே இருக்கவேண்டும். நான் தொட்டால்கூடத் திட்டு விழும்.

எனக்கும் இந்தத் தோட்டப் பைத்தியம் உண்டு. அதற்குக் காரணம் நான் பிறந்த இடம்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், பிறந்தவன் நான். அந்தக் குளிரில் டேலியா பூக்கும், முட்டைக்கோவா விளையும். ஆனால் வாழை? அப்பா ஒருமுறை கினிகத்தேனையிலிருந்து ஒரு வாழைக்கன்றைத் தோளில் சுமந்து வந்து லயத்துக்குப் பின்னால் நட்டார். பனி விழும் மாதங்களில் அதற்கு உரச்சாக்கைச் சுற்றிக் கட்டுவார். எனக்குப் போர்த்திவிட்டாரோ இல்லையோ, வாழைக்குப் போர்த்தினார்! பல வருஷம் கழித்து அது ஒரே ஒரு தார் போட்டது. காய் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். பழுக்கவே இல்லை. கறி வைத்து லயம் முழுக்க ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தோம். அன்றைக்கு அப்பா நடந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது கினிகத்தேனையைப் பார்த்தேன். கேட்பாரில்லாமல் ரோட்டோரத்தில் வாழை! பலா, பாக்கு, கதவகலத்துக்கு இலை விட்ட சேம்பு... குடியிருந்தால் இந்த ஊரில்தான் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ரிட்டயர் ஆனதும் பொல்பிட்டிய ரோட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கினோம். இப்போது எங்கள் முற்றத்தில் ரம்புட்டான் நிற்கிறது, குரோட்டன் நிற்கிறது, ஆந்தூரியம் நிற்கிறது. மழை ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். எதை நட்டாலும் பிடித்துக்கொள்ளும்.

இந்த வீட்டுக்குத்தான் என் அக்கா மாரியாயி வந்து சேர்ந்தாள்.

அக்கா அதே தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவள். அத்தான் இல்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. லயத்தில் தனியாக இருந்தவளுக்கு முழங்கால் வலி. படி ஏறி இறங்க முடியவில்லை. நானும் சாந்தியும் போய், "இனிமே எங்களோடதான்" என்று கையோடு கூட்டி வந்தோம். அப்பா படுத்த படுக்கையானபோது அக்கா கூடையைத் தூக்கியிருக்காவிட்டால் நான் படித்திருக்கவே முடியாது. வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியும் இல்லை.

வந்தவளுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. அரிசி கழுவப் போனால், "நீங்க உக்காருங்க அண்ணி" என்பாள் சாந்தி. கூட்டப் போனால் நான் விளக்குமாற்றைப் பிடுங்குவேன். பாசம்தான்... வேறென்ன?

நானா சொன்னதற்கு மறுநாள் காலை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அக்கா வேலியோரம் நின்றிருந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கண் ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும் மட்டும் செம்பருத்தி மேல்! நுனியைக் கிள்ளுகிறாள், கிள்ளுகிறாள்... கை நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்பக்கம் போடுகிறாள். முதுகில் கூடை இல்லை. கொழுந்தெல்லாம் புல்லில் விழுகிறது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

இடுப்பளவு உயரம், தட்டையாக வெட்டிய மட்டம், மேலே இளந்தளிர். அந்தக் கை வேறென்ன செய்யும்?

இங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். சாந்தியிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? அந்த ஞாயிற்றுக்கிழமை சாந்தியின் தம்பி குடும்பம் சாப்பிட வந்திருந்தது. எழுதுகிறவனுக்கு ஆள் கூட்டம் கிடைத்தால் வாய் சும்மா இருக்குமா? எழுந்து நின்று நடித்தே காட்டினேன். கிள்ளுவது, பின்னால் வீசுவது, எல்லாம். வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் பையோடு வாசலில் நின்றாள்.

"என்னக்கா இது?"

"கை பழக்கம் தம்பி. எனக்கே தெரியல. சாந்தி புள்ள மாதிரி வளத்த செடி... நான் இங்க இருந்தா அது பூக்காது."

"செடி கெடக்குது. நீங்க உள்ள வாங்க அண்ணி" என்று சாந்தி பையைப் பிடித்து இழுத்தாள். அக்கா விடவில்லை. "நெதமும் அந்தச் செடிய மொட்டையா பாத்துக்கிட்டு நான் எப்படி இருப்பேன்?" என்றாள். ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். சாந்தி என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டது.

மூன்று வாரமானது. வேலி பூத்தது.

சும்மா பூக்கவில்லை! கிள்ளிய இடத்திலெல்லாம் இரண்டு மூன்று கிளை வெடித்து, ஒவ்வொன்றிலும் மொட்டு. இவ்வளவு பூவை அந்த வேலியில் நாங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ரோட்டில் போகிறவர்கள் நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். சாந்தி மூன்று நாள் வாசல்படியில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

நாலாம் நாள் சொன்னாள். "போய் அண்ணியக் கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டா சாந்தி. பூத்திருக்குன்னு தெரிஞ்சா சத்தியமா வரமாட்டா."

"அது ஒங்க பாடு. வாயால அனுப்புனீங்க, வாயாலயே கூட்டிட்டு வாங்க."

ஹட்டனில் பஸ் மாறி, தலவாக்கலையில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி —

"வேலி பூத்துச்சா தம்பி?"

அவள் ஊற்றித் தந்த பாலில்லாத தேயிலைச் சாயத்தை ஒரு வாய் குடித்தேன். "எங்கக்கா பூத்துச்சு... ஒன்னுகூட இல்ல."

"ஒன்னுகூடவா? நான் வந்து மூனு வாரமாச்சே!"

"அதான் சொல்றேன். நீ கிள்ளினதால இல்லக்கா. வேற என்னமோ. சாந்தி அழுவுறா."

அக்கா அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அப்புறம் எழுந்து, கொடியில் கிடந்த கம்பளியை எடுத்தாள். "வேருல தண்ணி நிக்குதோ என்னமோ. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, ஒங்களுக்கு என்ன தெரியும்? வா, நானே வந்து பாக்குறேன்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வியர்த்தது. வீட்டு வாசலில் வேலி பூத்துக் குலுங்குகிறதே! அக்கா ஜன்னலோரம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து சாந்திக்கு ஒரு மெசேஜ் போட்டேன். "பூக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். வருகிறாள்." பதில் வந்தது. "சரி." அவ்வளவுதான். அதை வைத்து நான் என்ன செய்வது?

நாலு மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். பார்த்தேன். வேலி பச்சை. முழுப் பச்சை. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு பூ இல்லை, ஒரு மொட்டு இல்லை.

அக்கா பையைக்கூட இறக்கவில்லை. நேராக வேலிக்குப் போய், குனிந்து வேரைப் பார்த்தாள், மண்ணைக் கிளறினாள், இலையைத் திருப்பினாள். "ஆமா தம்பி, பாவம்... ஒன்னுகூட இல்ல. கவலப்படாத சாந்தி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். சாந்தி, "நீங்க வந்துட்டீங்கல்ல அண்ணி, இனி சரியாகிரும்" என்றாள்.

ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அக்கா இருக்கும்வரை அந்த வேலி பூக்கப்போவதில்லை. தெரிந்தேதான் சொன்னாள்.

அடுப்படியில் போய் ரகசியமாகக் கேட்டேன். "அவ்வளவு பூவையும் என்ன செஞ்ச?"

"கோயில்ல குடுத்துட்டேன். நாலு பை." விரல் நுனியெல்லாம் கன்றியிருந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஏன் இவ்வளவுன்னு சாமி கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க. பொய் சொன்னது நீங்கதானே?"

கினிகத்தேனைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் — இந்த வாரப் பத்தியை மட்டும் யாரும் அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.