தலையாட்டினால் எனக்கு எப்படித் தெரியும்?

இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாரா என்று கேட்டால் பதிலே இல்லை.

"தலைய ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றேன்.

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல். "அக்கா, கொரோனாவுல எங்களுக்குப் போன்ல கணக்கு சொல்லித் தந்தது நீங்கதானே?"

திரும்பிப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. தெரியவும் வாய்ப்பில்லை.

பள்ளிக்கூடம் மூடியிருந்த அந்த வருஷம் முழுக்க, திட்டக்குடிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தன்னார்வலராக வெறும் போனில்தான் பாடம் நடத்தினேன். நெட் எடுக்காது, அதனால் வீடியோ கிடையாது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பிள்ளைகள் அங்கே தலையாட்டுவார்கள். எனக்கோ இங்கே சத்தமே வராது. பேசாத பிள்ளை கவனிக்காத பிள்ளை இல்லை என்பது போகப் போகத்தான் பிடிபட்டது. அதுவரை தினமும் இதே அதட்டல்தான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் இவள், பெயர் கலைச்செல்வியாம். இப்போது சிதம்பரத்தில் நர்ஸ்.

"நடத்துன கணக்கெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"அது போயிடுச்சுக்கா. ஆனா வலிக்குதான்னு கேட்டா பேஷண்டுங்க சும்மா தலைய ஆட்டுவாங்க. உங்கள மாதிரியே அதட்டுவேன். அப்பதான் எங்க வலிக்குதுன்னு அவுங்க வாயத் தொறந்து சொல்றாங்க."

ஒரு வருஷப் பாடத்தில் மிஞ்சியது என் அதட்டல்தான். வருத்தமில்லை. நன்றாகத்தான் அதட்டியிருக்கிறேன்.

மோட்டாருக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. உங்கள் வீட்டிலும் போனில் தலையாட்டுகிற ஆள் உண்டா?