திருமால் அண்ணன் மீசையும் கோவிந்தராசு படகும்

விருத்தாசலத்து ஆற்றில் பாதி வருசம் மணல்தான் கிடக்கும். ஆனாலும் படகுக்கு ஒட்டுப் போட இங்கே ஓர் ஆள் உண்டு. எங்கள் பீங்கான் ஷெட்டுக்கு அடுத்த வெல்டிங் பட்டறைக்காரர், திருமால் அண்ணன். பதினாறு வயதில் சைக்கிள் பிரேம் ஒட்டத் தொடங்கியவர். கேட், தண்ணீர் டேங்கர், கல்யாண மண்டபத்து அண்டா என்று அவர் கைப்படாத இரும்பும் அலுமினியமும் ஊரில் குறைவு. தான் ஒட்டியது விட்டதே இல்லை என்று சொல்லி மீசையை முறுக்குவார். முறுக்கத் தோதான மீசைதான், இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த மீசைக்கு நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஆபத்து வந்தது. அங்கே ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் கோவிந்தராசுவின் அலுமினியப் படகில், அடியில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். அண்ணன் வெள்ளையாய்ப் பூத்திருந்த பொடியைச் சுரண்டினார். அரித்துப்போன இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். ஒரு வருசத்தில் அதே இடத்தில் ஓட்டை. மறுபடி அடித்தார். மறுபடி ஓட்டை.

மூன்றாம் தடவை படகு குட்டியானை வண்டியில் வந்தபோது டீக்கடையே வேடிக்கை பார்த்தது.

“இன்னா திருமாலு, வெல்டிங் வெச்சியா, எச்சில் தொட்டு ஒட்டுனியா?” என்றார் கோவிந்தராசு.

அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “இன்னொரு தடவ ஓட்டை வுழுந்தா மீசைய எடுத்துடறேங்க!”

“எல்லாரும் கேட்டுக்குங்கப்பா!”

நான் டீ கிளாஸோடு ஓரமாக நின்றேன். ஷெட்டு வேலைக்கு வந்த ஆறு வருசத்தில் அண்ணனோடு நான் பேசியது பத்து வார்த்தை இருக்கும். ஆனால் பார்ப்பதற்கு வாய் வேண்டியதில்லை. படகை இறக்கும் முன் கோவிந்தராசு அதன் அடிப்பலகையைத் தூக்கி, ஒரு மந்திரித்த செப்புத் தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் போட்டார். போன தடவையும் இதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்துவிடுவார்.

அவர் போனதும் பட்டறை வாசலில் நின்று தகட்டு விசயத்தைச் சொன்னேன். அண்ணன் படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அதாம்மா! செம்பும் அலுமினியமும் ஈரத்துல ஒட்டிக் கெடந்தா, செம்பு அலுமினியத்த அரிச்சுடும். ஆனா சாமி தகடுதான் ஓட்டை போடுதுன்னு அவராண்ட யாரு சொல்றது? அடிக்க வந்துடுவாரு.”

“நடுவுல பீங்கான் இருந்தாண்ணே?” என்றேன். நாள் முழுக்க, கரண்டு தாண்டாத பீங்கானில் பீஸ் கட்டை செய்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்?

கோபுரம் வைத்த மூடியோடு ஒரு சின்னப் பெட்டி செய்து, சூளையில் சுட்டுக் கொடுத்தேன். படகை எடுக்க வந்த கோவிந்தராசுவிடம் அண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

“சாமிய இப்படி சேத்துத் தண்ணியில போட்டு வெச்சா எப்படிங்க காப்பாத்தும்? அதுக்கு ஒரு வூடு வேணாமா?”

கோவிந்தராசு பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தகட்டைத் தன் கையாலேயே பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அடிப்பலகைக்குக் கீழே இருத்தினார்.

இரண்டு வருசம் ஆகிறது. படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“வூடு கட்டிக் குடுத்தேன், சாமி மனசு எறங்கிடுச்சு. திருமாலு கையில இன்னா இருக்குது?” என்று டீக்கடையில் கோவிந்தராசு சொல்கிறார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மீசையைத் தடவுகிறார்.

நேற்று என்னைக் கடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: “இதுல பாதி மீசை உன்னுதும்மா.”

நான் மீசையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு ஷெட்டுக்குள் போனேன். இடது பக்கம் நரைக்கத் தொடங்கியிருக்கிறது. வலது பக்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.