வயிறு தள்ளிய சுவர்

டோர்கஸ் சண்டருக்குத் தன் வீட்டைக் கண்டே பயம் வந்தது, கணவன் வில்ஃப் டிராக்டர் வாங்கிய வருஷம்தான். ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கின் மேட்டில் நிற்கும் பழைய கல்வீடு அது. அதன் சுவரில் வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒன்று, நடுவில் ஜல்லியும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே நீளக் கற்கள் போட்டிருந்தார்கள். அவற்றின் முனைகள் முற்றத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. டிராக்டர் அவற்றில் உரசவே, வில்ஃப் சம்மட்டியால் எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளினான்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க மழை விடவில்லை; உடைந்த இடங்கள் வழியே தண்ணீர் சுவருக்குள் இறங்கியது. படுக்கையறை ஜன்னலோரம் முதலில் கத்திமுனை நுழையுமளவு இடைவெளி தெரிந்தது. பிறகு அவள் விரலே நுழைந்தது. வெளியே போய்ப் பார்த்தால், சுவர் வயிறு தள்ளி நின்றது.

"கல்லுக்கு வயித்துல புள்ளையா என்ன, வீங்குறதுக்கு?" என்றான் வில்ஃப். "நீ முறைச்சுப் பாக்குறதுலதான் அது விழப்போவுது."

"நீ அடிச்ச அடியில விழும். அந்தக் கல்லெல்லாம் அழகுக்கா நீட்டிட்டு இருந்துச்சு?"

"டிராக்டரைக் கீறுச்சு. வேற என்ன செய்யச் சொல்ற?"

கொத்தனார் ஜெத்ரோவிடம் ஓடினாள். ஈரத்தில் சுண்ணாம்பு பிடிக்காது, மழை விடட்டும் என்றார் அவர். டோர்கஸ் தன் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினாள். வில்ஃப் வீம்புக்கு முன்னறையிலேயே படுத்தான். ஒரு கல் நெரியும் சத்தம் கேட்டாலும் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு நண்பகல் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, வண்டியிலிருந்து ஜல்லி கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், முற்றமெங்கும் கல்லும் சேறும். வெளிவரிசை முழுவதும் சரிந்து டிராக்டரைப் பாதி மூடியிருந்தது. அதைப் பழுது பார்க்கத்தான் வில்ஃப் போயிருந்தான். கற்களுக்கு நடுவே அவன் தொப்பி கிடந்தது.

அவள் மாவுக் கையோடு கல்லைப் புரட்டிப் புரட்டி எறிந்தாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

"டோர்கஸ்."

கொட்டகைப் பக்கமிருந்து திருகுசாவியோடு வந்து நின்றான் வில்ஃப். முகம் வெளுத்திருந்தது. அவள் எழுந்து போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீ சொன்னப்பவே நான்..."

"பேசாத. ஒண்ணும் பேசாத."

ஜெத்ரோ வந்து பார்த்துவிட்டு, "உள்வரிசை தாங்கிருச்சு. இல்லன்னா கூரையில இருக்குற கல் பலகை அத்தனையும் தலைமேல வந்திருக்கும்" என்றார். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர், வசந்தத்தில் வந்து நீளக் கற்களை முன்போலவே முனை நீட்டும்படி குறுக்கே வைத்துக் கட்டினார். டிராக்டர் போக வில்ஃப் வேறு பக்கம் வாசல் வெட்டினான்.

டோர்கஸ் முன்னறைக்குத் திரும்பி, கிழவியாகும்வரை அங்கேதான் படுத்தாள். ஆனால் விருந்தாளி யாராவது அந்தச் சுவரோரம் உட்காரப் போனால், "அங்க குளிரும், இப்படி வாங்க" என்று கணப்பருகே அழைத்துக்கொள்வாள். வில்ஃப் அதைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை.