கிழங்கு போட்டது துரைசானி இல்லை

பொய் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். போன வாரம் பேஸ்புக்கில் இனிப்புப் புளிப்புப் பன்றிக்கறி படம் போட்டு, அது பழைய துரையின் மனைவி துரைசானியின் கைப்பக்குவம், உருளைக்கிழங்கு சேர்ப்பது அவர் ரகசியம் என்று எழுதினீர்கள். அந்தக் கிழங்கு அதில் வந்ததே என்னால்தான். அதுவும் என் புத்தி கெட்டுப் போனதால்.

படத்தைப் பார்த்ததும் எனக்குக் கொறுக்காய்ப்புளி வாசம் மூக்கில் ஏறியது. வட்டவளைக்கு மேலே, மலைச்சரிவில் வரிசை வீடுகளாக எங்கள் லயம். வீட்டுக்குள் மாரியம்மன் படம் இருந்ததால் பன்றிக்கறி வாசற்படி தாண்டாது. லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் மூன்று கல் வைத்துத்தான் சமையல். அந்தச் சட்டிகூட வெளியேதான் தொங்கும். மழை வந்தால், அது எங்கள் ஊரில் எப்போது வராமல் இருந்தது, அண்ணனும் நானும் கொழுந்தெடுக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கை அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்து நிற்போம்.

சமைப்பது அண்ணன் மனைவி, என் மதினி. பங்களா குசினியில் வேலை. அங்கே சமையற்காரர் வினாகிரியும் சீனியும் டின் அன்னாசியும் போட்டுச் செய்ததைப் பார்த்து வந்து, வீட்டில் புளிப்புக்குக் கொறுக்காயும் இனிப்புக்குக் கித்துள் கருப்பட்டியும் போட்டு வேறொன்றாக்கினார். அதுகூடப் பெரிதில்லை. மதினி அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர். பன்றியை நாக்கில் வைத்ததே இல்லை. ஆவியில் ஒருதரம் முகத்தைக் காட்டுவார். "புளி முந்திக்கிட்டு நிக்குது" என்பார். ஒரு துண்டு கருப்பட்டி விழும். நாங்கள் வாயில் வைத்தால் அத்தனை சரியாக இருக்கும். கோவிலில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். ருசி பார்க்காதவர் உப்பை மறந்திருப்பார் என்று நானே முடிவு செய்து ஒரு பிடி போட்டுவிட்டேன். குடத்தை இறக்கியவர் ஆவியை ஒருதரம் மோந்தார். சட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, யாரு கை வச்சது?"

"யாரும் வைக்கலைங்க மதினி."

"அப்ப பேயி வந்து போட்டுச்சா? கையக் காட்டுங்க."

விரலெல்லாம் உப்பு.

"கருவாட்டுக் கொழம்புன்னு நெனச்சுத் தின்னுக்குவோம்" என்றான் அண்ணன்.

"நாலு கெழங்க அரிஞ்சு குடுங்க" என்றார் மதினி. உப்பை இழுக்கட்டும் என்று பொரித்துப் போட்டார். அன்று அண்ணன் சட்டியை வழித்துத் தின்றான். அதற்குப் பிறகு கிழங்கில்லாமல் அந்தக் கறி இல்லை.

பிறகொரு நாள் பங்களாவில் விருந்து. சமையற்காரருக்குக் காய்ச்சல். மதினி இதையே செய்து வைத்தார். விருந்தாளிகள் கேட்டபோது, தானே சொல்லிக் கொடுத்ததாகச் சொல்லிவிட்டாராம் துரைசானி.

"எப்ப சொல்லிக் குடுத்தாங்கன்னு எனக்குத்தான் ஞாபகம் வரல" என்று மதினி வீட்டுக்கு வந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். அண்ணன் இல்லை. சில வருடங்களுக்கு முன் வந்த காய்ச்சலில் மதினியின் மூக்கும் போய்விட்டது. சோறு அடிப்பிடித்தாலும் தெரியாது. அடுப்புப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். நான் இரண்டு தரம் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் முகர்ந்துவிட்டுப் போனது.

உங்கள் படத்தை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கெழங்கு பெருசா வெட்டிட்டாங்க" என்றார்.

அவர் பெயரைப் படத்துக்குக் கீழே எழுதினேன். அழித்தீர்கள். பிறகு தனியாகச் செய்தி அனுப்பி, குடும்பத்தோடு இலவசமாகச் சாப்பிட வரச் சொன்னீர்கள். உங்கள் சாப்பாடு வேண்டாம். அந்தக் கறியைச் சமைத்தது யார்? ஊர் பார்க்க, அந்தப் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள்.