சத்து மாத்திரையும் எங்கள் வீட்டுக் கறுப்பும்

கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியபோது அடியிலிருந்து சிவப்பாக வழிந்தது. மண்ணைக் கிளறினேன். பாதி கரைந்த சத்து மாத்திரைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அண்ணிக்குக் கொடுத்தவை.

அண்ணிக்கு அப்போது ஆறாம் மாதம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தவள், மயங்கி விழுந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. "ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கு. இப்படியே போனா பிரசவத்துல உசுருக்கே ஆபத்து" என்று நர்சம்மா சொன்னபோது பக்கத்தில் நின்றவள் நான்தான். மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"இன்னா அண்ணி இது?"

அண்ணி என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். "மாமாதான் வேணாம்னாரு. கொழந்த கறுத்துடுமாம்."

அப்பா முப்பது வருடம் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவர். மரப்பட்டைச் சாற்றில் ஊறிய ஈரத்தோல் மேல் ஒரு இரும்பு ஆணி கிடந்தால் போதும், அந்த இடம் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும். தேய்த்தாலும் போகாது. வேதியியல் புத்தகத்தில் நான் அதைப் படிப்பதற்கு முன்பே அப்பாவின் கைக்கு அது தெரியும். இரும்புச்சத்து மாத்திரை என்றதும் அவருக்கு அந்தக் கறைதான் நினைவுக்கு வந்திருக்கிறது. மாத்திரை போட்ட நாட்களில் மலம் கறுப்பாகப் போகிறது என்று அண்ணி அம்மாவிடம் சொல்லப்போக, சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. சாயங்காலம் அப்பா வந்து கால் கழுவியதும் பிடித்துக்கொண்டேன்.

"ப்பா, நீ சொல்றது டேனரி தோலுக்குச் சரி. அது செத்த தோலு. கலரு வெளியிலேர்ந்து ஏறும். கொழந்தைக்குக் கலரு அப்பா அம்மா கிட்டேர்ந்து வர்றது. மாத்திரை அதத் தொடவே தொடாது."

"உங்கண்ணன் செவப்பு. உங்கண்ணியும் செவப்பு. நல்லா வர்ற கொழந்தைய எதுக்குக் கெடுக்கணும்?"

"ரெண்டு பேரும் செவப்புன்னா கொழந்தையும் அதேதான்னு கணக்கு இல்லப்பா. கலருக்கு ஒரு ஜீன் இல்ல, நெறைய இருக்கு. நீ ஆடற சீட்டு மாதிரி. கட்டு ஒண்ணுதான். ஆனா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கலைச்சுல்ல போடறாங்க?"

"காலேஜுக்குப் போயி சீட்டாடத்தான் கத்துக்குனியா?"

அம்மா சிரித்துவிட்டாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லும்மா. நான் வயித்துல இருந்தப்போ எத்தினி சத்து மாத்திரை போட்ட?"

"அப்போ யாரு தேடி வந்து குடுத்தா? ஒண்ணுகூட போடல."

"அப்புறம் நான் ஏன் இந்தக் கலரு?"

அப்பாவும் அம்மாவும் மாநிறம். அண்ணன் அவர்களைவிட வெளுப்பு. நான் கறுப்பு. உறவுக்காரர்கள் 'கொஞ்சம் நிறம் மட்டு' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தாழ்ந்த குரல் வேண்டாம். கறுப்பு என்று நானே சத்தமாகச் சொல்வேன்.

அப்பா துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ எங்க பெரியக்கா மாதிரி. அப்படியே அவ கலரு."

"அதத்தானப்பா நான் இவ்ளோ நேரமா சொல்றேன்!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. ஆனால் அண்ணிக்குப் பயம் விடவில்லை. மாத்திரையையும் தண்ணீர்ச் செம்பையும் கையில் வைத்துக்கொண்டு, "ஒருவேளை கறுப்பா பொறந்துட்டா?" என்றாள்.

"பொறக்கட்டும். கறுப்பா இருக்கிற நான் எதுல கொறஞ்சுட்டேன்? நீ உசுரோட இருக்கணும் அண்ணி. எனக்கு அதான் வேணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். அதிலிருந்து தினமும், மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே நின்றேன்.

பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனது. முன்பிருந்த உடம்பாக இருந்தால் தாங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். பெண் குழந்தை. கறுப்பு.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். துணியை விலக்கியவர் உச்சுக் கொட்டினார். "மாத்திரைய போடாதன்னு உங்க மாமனார் தலபாடா அடிச்சிக்கினாரு. கேட்டியா நீ? அத்தக்காரி கலரு அப்படியே வந்துடுச்சு பாரு."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

"ஆமாக்கா, அத்தக்காரி கலருதான். மாத்திரைய போடாம இருந்திருந்தா இன்னிக்கு இதச் சொல்ல நீங்க வந்திருப்பீங்க, கேக்க நான் இருந்திருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கூட உட்காராமல், அந்த அக்காவுக்கு எதிரிலேயே குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.