ராகு காலத்துக்கு முன்னால் எடுத்த கரு

கயல்விழிக்குப் பயம் கூடப் பிறந்தது. கணபதி என்ற பகுதியில் தான் தங்கியிருக்கும் அறையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பயந்தவர்கள் தப்பு செய்யமாட்டார்கள் என்று நினைக்கிறோம். சுத்தப் பொய்.

கருத்தரிப்பு மருத்துவமனை ஒன்றின் லேபில் உறைந்த கருக்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கருவை மெல்லிய குழலில் வைத்துச் சட்டென்று திரவ நைட்ரஜனில் முக்குவார்கள். உள்ளிருக்கும் நீருக்குப் பனிக்கட்டியாக மாற நேரம் கிடைக்காது, கண்ணாடியாக இறுகிவிடும். மூலக்கூறுகள் திரவத்தில் தாறுமாறாகக் கிடந்தபடியே நின்றுபோகும். அந்தத் தாறுமாறின் அளவைத்தான் என்ட்ரோபி என்கிறார்கள். அதில் ஒரு பங்கு உள்ளேயே சிக்கிக் கிடக்கும்வரை கருவுக்கு ஆபத்தில்லை. சற்றே சூடு ஏறினால் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் பனி ஊசிகளாகி, செல்களைக் கிழித்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை பிரத்யுஷா என்ற பெண்ணுக்குக் கரு வைக்க வேண்டிய நாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கரு. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வெளியே எடுத்துவிடுங்கள் என்று அவளுடைய மாமியார் கனகம் லேப் வாசலில் நின்று கெஞ்சினார். டாக்டர் சாஜிதா பேகம் வராமல் எடுக்கக் கூடாது. முடியாது என்று சொல்லக் கயல்விழிக்கு வாய் வரவில்லை. பத்து இருபத்தெட்டுக்குக் குழலை நைட்ரஜன் தொட்டியின் கழுத்து வரைக்கும் தூக்கிப் பிடித்து, எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டாள். புகை வருகிறதே, அந்தக் குளிர் போதும் என்று நினைத்தாள். டாக்டர் வர மூன்று நிமிடம் ஆனது; அதுவரை குழல் அங்கேயே இருந்தது.

வெதுவெதுப்பான கரைசலில் இட்ட கரு சுருங்கிக் கிடந்தது. டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் திட்டவில்லை, காத்திருப்போம் என்றார். திட்டியிருந்தால் தேவலை. கயல்விழி இரண்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. கரு விரியவே இல்லை.

தானே சொல்வதாக டாக்டரிடம் சொல்லிவிட்டு பிரத்யுஷாவின் அறைக்குப் போனாள். கரு பிழைக்கவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கனகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்ல நேரத்துலதானுங்களே எடுத்தீங்க அம்மணி. உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது.

"அதுக்காவத்தானுங்க முன்னாலயே மேல தூக்கிப்புட்டேன். அதுலதானுங்க போச்சு. தப்பு என்னுதுங்க."

கனகத்தின் பிடி தளர்ந்தது. "நாங் கேட்டதுனாலயா கண்ணு?"

படுக்கையிலிருந்த பிரத்யுஷா மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.