நிறுத்தி வைத்திருக்கிறார்கள்

நான் குடியிருக்கும் தெருவில் பன்னிரண்டு வீடுகள். அதில் எட்டு வீட்டு வாசலில் பிக்கப் டிரக் நிற்கிறது. ஒவ்வொன்றும் நம் ஊர் மினி பஸ்ஸை முறைத்துப் பார்க்கும் உயரம். காலையில் ஒரே ஒரு ஆள் ஏறுகிறார், காகிதக் கோப்பையில் காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார். பின்னால் ஒரு சாமான் கிடையாது. சாயங்காலம் அதே ஆள், அதே கோப்பை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலிப் பெட்டிக்குள் இறங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைக்கிறார்கள். டெட்ராய்ட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. இந்தக் காட்சி மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. எங்கள் ஊர் கறம்பக்குடிப் பக்கம் பின்னால் ஒன்றுமில்லாமல் ஒரு லோடு வண்டி போய் டீக்கடையில் நின்றால், "என்னண்ணே, எம்ப்டியாவா வாரீங்க?" என்றுதான் விசாரிப்பார்கள். அந்தக் குரல் துக்கம் கேட்கிற குரலாக இருக்கும்.

பிக்கப் என்ற சொல்லிலேயே வேலையில் சேர்ந்த முதல் வாரம் மாட்டிக்கொண்டேன். சோதனை ஓட்டத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனவரிடம், "இந்த வண்டியில் பிக்கப் நன்றாக இருக்கிறது" என்றேன். அவர் பொறுமையாக என்னைப் பார்த்து, "இந்த வண்டியே பிக்கப்தான்" என்றார். நம் ஊரில் பிக்கப் என்றால் இழுவை, ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி காட்டுகிற ரோஷம் என்று அவருக்கு விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. ஒரு சொல் இரண்டு ஊரில் இரண்டு வேலை பார்க்கும் என்று அன்றைக்கே நான் உஷாராகியிருக்கலாம்.

நான் இங்கே ஒரு டிரக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், சேர்ந்தது பேட்டரி சோதிக்கும் பிரிவில். என்னை இந்த வேலை வரைக்கும் கொண்டுவந்து விட்டது இன்னொரு வண்டி. ஊரில் எல்லோரும் குட்டியானை என்று கூப்பிடும் சின்ன டீசல் வண்டி. அண்ணன் முருகேசன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பா இறந்தபிறகு அவர் அந்த வண்டியை ஓட்டித்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். தேங்காய், பலாப்பழம், கடலை மூட்டை, கல்யாணப் பந்தல் சாமான், மைக் செட், ஒருமுறை சண்டைக்காரக் கிடேரி ஒன்று, எதையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று ஒரு எடை இருக்கும். அதைப் படித்துப் பார்த்து ஏற்றிய டிரைவரை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. கயிறு எட்டுகிற வரைக்கும் லோடு, அவ்வளவுதான் கணக்கு.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் கம்பெனி சின்னதாக, சல்லிசாக, மின்சாரத்தில் ஓடுகிற ஒரு பிக்கப் செய்யப் போவதாக அறிவித்தது. நான் அந்தப் பிரிவில்தான் இருந்தேன். அண்ணன் வண்டி அப்போதே புகை கக்க ஆரம்பித்திருந்தது, அடுத்த தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. காட்ட இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். பிரிக்கவா, விற்றுவிட்டு வேறு டீசல் வண்டி பார்க்கவா, இல்லை கரண்ட் வண்டிக்குக் காத்திருக்கவா என்று என்னைக் கேட்டார். இங்கே செய்கிற வண்டி கறம்பக்குடிக்கு வராது, ஸ்டியரிங்கே இடது பக்கம். ஆனால் இங்கே மலிவாகச் செய்ய முடிந்தால் அதைப் பார்த்து அங்கேயும் யாராவது செய்வார்கள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். இந்த விவரமெல்லாம் சொல்லாமல், "ஒரு வருசம் பொறுங்கண்ணே, வந்துரும்" என்று மட்டும் சொன்னேன். படித்த தங்கை, அதுவும் அதே கம்பெனியில் இருப்பவள் சொன்னால் அவர் ஏன் நம்பமாட்டார்? பொறுத்தார்.

வருமா என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மின்சார வண்டியில் விலை என்பது பெரும்பாலும் பேட்டரிதான். இங்கே இருப்பவர்களுக்குப் பெரிய வண்டி வேண்டும், வருடத்தில் ஒருநாள் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவதற்காக நெடுந்தூரம் ஓடவும் வேண்டும். அதற்குப் பெரிய பேட்டரி. பேட்டரி பெரிதானால் கனம், கனத்தைச் சுமக்க இன்னும் கொஞ்சம் பேட்டரி. இப்படியே போய், மலிவு என்று தொடங்கியது பணக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கும். நம் பக்கம் கதை வேறு. சின்ன மின்சார லோடு வண்டிகள் வராமல் இல்லை. புதுக்கோட்டையில் பார்சல் கம்பெனிக்கு ஓடுகிறதை அண்ணனே பார்த்திருக்கிறார். அந்த டிரைவரை நிறுத்தி அரைமணி நேரம் விசாரித்தும் இருக்கிறார். டவுனுக்குள் சுற்றிவிட்டு அதே ஷெட்டுக்குத் திரும்பி சார்ஜ் போடும் வண்டிக்கு அது சரி. "பஞ்சு மிட்டாய் ஏத்துற வண்டிம்மா அது" என்றார் அண்ணன். அவருக்கு வேண்டியது தேங்காயைக் கயிறு எட்டுகிற வரைக்கும் ஏற்றி, தஞ்சாவூர் போய் இறக்கி, அங்கிருந்து ரிட்டர்ன் லோடு பிடித்து வரும் வண்டி. விளம்பரத்தில் போடுகிற தூரம் ஆர்.சி. புத்தகத்து எடைக்குத்தான். கயிறு எட்டுகிற லோடுக்கு எவ்வளவு தூரம் போகும் என்று உலகத்தில் எந்தச் சோதனைக்கூடத்திலும் சோதிப்பதில்லை. நானும் சோதித்ததில்லை. வராது என்று நான் சொல்லவில்லை. டீசல் வண்டி விலைக்கு, அண்ணன் ஏற்றுகிற லோடோடு, அவருக்கு வண்டி வேண்டியிருக்கிற நேரத்துக்குள் வருமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை.

போன வருடம் பிப்ரவரியில் எங்கள் பிரிவில் எல்லோரையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் ரொம்ப மென்மையாகப் பேசினார். சின்ன மின்சார பிக்கப்பை "பாஸ்" (pause) செய்திருப்பதாகச் சொன்னார். பாஸ் என்றால் நமக்குத் தெரியும், டேப்ரெக்கார்டரில் இருக்குமே, அமுக்கினால் நிற்கும், மறுபடி அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து பாடும். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எதிர் மேசையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் கேரல் அன்று மத்தியானமே தன் குடும்பப் படங்களை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். எதற்கு இப்படி அவசரப்படுகிறாள் என்று நினைத்தேன். இந்த ஊர் அலுவலகங்களில் பாஸ் என்றால் செத்துவிட்டது, சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு விளங்க மூன்று வாரம் ஆனது. கேரலை அதற்குள் அனுப்பிவிட்டார்கள். என்னைப் பெட்ரோல் இன்ஜின் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் அண்ணன் கூப்பிட்டார். வண்டி என்ன ஆச்சு என்றார். பாஸ் என்பதை நான் தமிழில் சொன்னேன்: "நிறுத்தி வச்சிருக்காங்கண்ணே." அவர் குரல் சட்டென்று தெளிந்தது. "அப்படியா, நல்லது, நல்லது" என்றார். வண்டி இன்னும் தள்ளிப்போகிற ஏமாற்றத்தை எப்படி இவ்வளவு இலேசாகத் தாங்குகிறார் என்று நான் அதிசயப்பட்டேன். அடுத்த வாரம் பழைய வண்டியைக் காயலாங்கடைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். எஃப்.சி. முடிந்துவிட்டது, வேறு வழியில்லை என்று நானாக ஒரு காரணம் நினைத்துக்கொண்டேன். பிறகு ஹாலோபிளாக் கம்பெனி ஒன்றின் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டப் போனார். கொஞ்ச நாள்தானே என்று சிரித்தார். எது கொஞ்ச நாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் மாதம் அண்ணி பேசினாள். இலுப்பூரில் ஒருவர் சிங்கப்பூர் போகிறாராம், இரண்டே வருடம் ஓடிய டீசல் வண்டியை அண்ணனுக்குத்தான் முதலில் தருவேன் என்று வீடு தேடி வந்தாராம். அண்ணன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். "என்ன இப்படிக் கேக்குறீங்க? ஒங்க கம்பெனியில கரண்ட் வண்டி எல்லாம் செஞ்சு முடிச்சு வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க. இவுங்க டீக்கடையில பாக்குற ஆளுகட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க" என்றாள் அண்ணி.

வண்டி ஓட்டுகிறவரிடம் போய், வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அவர் வேறு என்னவென்று புரிந்துகொள்வார்? நிழல் பார்த்து, டயருக்குக் கல் கொடுத்து, சாவியை எடுத்துக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர்தான் நிறுத்தி வைப்பது. காலையில் போய் எடுக்க வேண்டியதுதான். நான் ஆங்கிலத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு தமிழில் சொன்னேன், அவர் தமிழைச் சரியாகப் புரிந்துகொண்டு ஏமாந்தார்.

உடனே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இலுப்பூர்க்காரர் அப்போது கிளம்பியிருக்கவில்லை. நான் சொல்லவில்லை. வெட்கமா என்று யோசித்துப் பார்த்தேன், வெட்கம் சுடும், இது சுடவில்லை. கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தால் அந்தக் கை வேறு யாருடையதோ போலக் கிடக்குமே, அப்படி இருந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். வாரம் ஒருமுறை அண்ணனிடம் மழை பற்றியும் பிள்ளைகள் படிப்பு பற்றியும் பேசினேன். இனிமேல் சொன்னால் இத்தனை நாள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன். என்னைப் போலக் கடல் தாண்டி வந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நாம் ஊருக்குச் சொல்லாமல் விட்டவை எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்.

பக்கத்து வீட்டு டேல் கூரை மாற்றுகிற வேலைக்காரர். எங்கள் தெருவில் பிக்கப்பில் நிஜமாகவே சாமான் ஏற்றுகிற ஒரே ஆள். ஆகஸ்டில் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தன் வண்டி படுத்துவிட்டது, மலிவான மின்சார பிக்கப் வரப்போவதாகச் சொல்கிறார்களே, நீங்கள் அங்கேதானே வேலை பார்க்கிறீர்கள், காத்திருக்கலாமா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. காத்திருக்காதீர்கள், சீக்கிரம் வராது, வந்தாலும் உங்கள் விலைக்கு வராது, நல்ல பழைய வண்டியாகப் பார்த்து வாங்குங்கள் என்றேன். மூன்று வாக்கியம்கூட இருக்காது. அவர் அந்த வாரமே ஒரு பழைய பெட்ரோல் வண்டி வாங்கினார். நன்றி சொல்லி, தோட்டத்தில் காய்த்த தக்காளியை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். யாரோ ஒருவருக்கு வேலி ஓரத்தில் நின்றபடி சொன்னதை, என்னைப் படிக்க வைத்தவருக்கு இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொஞ்சம் வலித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேலைக்குள் போகும் முன், கம்பெனி வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்தபடி கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் நாலரை. கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு எதிரே லோடுக்காக நிற்கிறேன் என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கரண்ட் வண்டி வராது. நிறுத்தி வச்சிருக்காங்கன்னு நான் சொன்னது நீங்க நெனச்ச மாதிரி இல்ல. அத நிறுத்திட்டாங்க. எனக்கு முன்னாடியே தெரியும், சொல்லாம இருந்துட்டேன்."

இலுப்பூர் வண்டியைச் சொல்லப்போகிறார், டீக்கடையில் இனி எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஒன்னையுமா ஆத்தா நிறுத்திட்டாங்க?"

இல்லை, பெட்ரோல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், வேலை இருக்கிறது என்றேன். மூச்சு விடுவது கேட்டது. அவருக்கு விசா விஷயம் எல்லாம் தெரியும், வேலை போனால் கொஞ்ச நாளில் நான் மூட்டை கட்ட வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நல்லதாப் போச்சு, நல்லதாப் போச்சு என்று இரண்டு தடவை சொன்னார். இலுப்பூர் வண்டி போன மாதமே அறந்தாங்கிக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது, வேற பாத்துக்குவோம் என்று அவராகவே சொன்னார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு, வைத்துவிடப் போகிறார் என்று நான் நினைத்தபோது, குரலை இறக்கிச் சொன்னார்.

"ஒன்னையும் நிறுத்தியிருந்தா ஊருக்கு வந்துருப்பேல்ல."

"கேக்கலண்ணே" என்றேன்.

அவர் திரும்பச் சொல்லவில்லை. லைன் தெளிவாகத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறச் சொல்லி ஒருவர் கூவிக்கொண்டிருந்ததுகூட ஒரு காதில் கேட்டது. இன்னொரு காதில், கண்ணாடிக்கு வெளியே, ஷிப்டுக்கு வந்தவர்கள் வண்டிக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம். எனக்கும் நேரமாகிவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், கதவையும் திறக்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தேன்.